எஃபி ஆஃப்டன் வழக்கு

எஃபி ஆஃப்டன் வழக்கு என்பது ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் ஓடிய ஒரு நீராவிப் படகின் உரிமையாளர்களுக்கும், அவ்வாற்றின் குறுக்கே முதல் தொடர்வண்டிப் பாலத்தை அமைத்த நிறுவனத்துக்கும் இடையே 1857 ஆம் ஆண்டு சிக்காகோவில் நடைபெற்ற வழக்காகும். மே 6, 1856 அன்று எஃபி ஆஃப்டன் என்னும் படகு ராக் ஐலண்ட் பாலத்தின் தூணில் மோதித் தீப்பற்றி அழிந்தது. பாலத்தின் ஒரு பகுதியும் உடன் எரிந்தது. படகின் தலைவரும் உரிமையாளருள் ஒருவருமான ஜேக்கப் ஹர்டு என்பவரின் பெயரால் சட்ட நூல்களில் இது "ஹர்டு எதிர் ராக் ஐலண்ட் பால நிறுவனம்" என்று வழங்கும்.

பின்னர் குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கன் பால நிறுவனத்தின் வழக்கறிஞர்களுள் ஒருவராக வாதாடியதால் இவ்வழக்கு பரவலாக அறியப்படுகிறது. ஆயினும் இதன் உண்மையான முதன்மை வேறிடத்தில் உள்ளது. ஆற்றின் நெடுக்கே செல்வோரின் உரிமைக்கும் ஆற்றைக் குறுக்கே கடப்போரின் உரிமைக்கும் இடையே எது மேலானது என்னும் கேள்வி இங்குதான் நடுவர் குழுவின் முன் நேராக வைக்கப்பட்டது. அதற்கு விடை கிடைக்கும் முன்பே ஆற்றுப் போக்குவரத்தின் நிலை மாறத் தொடங்கிவிட்டது.

பின்னணி

இராபர்ட் ஃபுல்டன் 1807 ஆம் ஆண்டு ஹட்சன் ஆற்றில் நீராவிப் படகுச் சேவையைத் தொடங்கினார். 1811 இல் பிட்சுபர்க்கிலிருந்து புறப்பட்ட "நியூ ஓர்லென்ஸ்" என்னும் படகு, ஒகையோ, மிசிசிப்பி ஆகிய ஆறுகளின் வழியே 1812 சனவரியில் நியூ ஓர்லென்ஸ் நகரை அடைந்தது. அதற்கு முன்பு பண்டங்கள் தட்டைப் படகுகளில் நீரோட்டத்துடன் கீழ்நோக்கிச் செல்வது எளிதாக இருந்தது. எதிரோட்டத்தில் மேலே வருவது பல மாத உழைப்பாக இருந்தது. நீராவிப் படகு இந்த வேறுபாட்டைக் குறைத்தது. ஆறுகள் கூடுமிடத்துக்கு அருகில் அமைந்த செயின்ட் லூயிஸ் நகரம் இதனால் செழித்தது.

தொடக்க காலத் தொடர்வண்டிப் பாதைகள் படகுகளுக்குப் பகையாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பல பாதைகள் ஒரு துறைமுகத்தையும் மற்றொரு துறைமுகத்தையும் இணைக்கும் துணை வழிகளாகவே அமைந்தன. 1837 இல் திறக்கப்பட்ட ஸ்டோனிங்டன் பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நியூயார்க்கிலிருந்து பாஸ்டன் செல்வோர் ஸ்டோனிங்டன் வரை நீராவிக் கப்பலில் வந்து, அங்கிருந்து தொடர்வண்டியில் ஏறினர். கப்பல் அதிபரான கார்னீலியஸ் வாண்டர்பில்ட் முதலில் இத்தகைய பாதைகளுடன் கட்டணப் போட்டியில் இறங்கினார். பின்னர் அவற்றின் பங்குகளை வாங்கினார். 1860களில் கப்பல் தொழிலை விட்டு நீங்கித் தொடர்வண்டித் தொழிலிலேயே பெருஞ்செல்வரானார். காற்று எப்பக்கம் வீசுகிறது என்பதை அவர் மற்றவர்களுக்கு முன்பே அறிந்திருந்தார் எனலாம். படகுக்காரர் அனைவரிடமும் அவ்வாறு தொழில் மாறுவதற்கான முதல் இருக்கவில்லை.

மிசிசிப்பியிலும் உறவு நட்பாகவே தொடங்கியது. பிப்ரவரி 22, 1854 அன்று சிக்காகோ – ராக் ஐலண்ட் தொடர்வண்டிப் பாதை ஆற்றங்கரையை எட்டியது. கிழக்குக் கடற்கரையிலிருந்து மிசிசிப்பியை அடைந்த முதல் தொடர்வண்டி இணைப்பு இதுவே. அதைக் கொண்டாட அவ்வாண்டு சூன் மாதத்தில் முன்னாள் குடியரசுத் தலைவர் மில்லர்டு ஃபில்மோர் உட்பட ஏறத்தாழ 1200 பேர் தொடர்வண்டியில் ராக் ஐலண்ட் வந்து, அங்கிருந்து நீராவிப் படகுகளில் செயின்ட் பால் நகர் வரை உலாச் சென்றனர். தண்டவாளம் கரையில் நின்றவரை படகுக்காரருக்கு அது புதிய பயணிகளைக் கொண்டுவந்து சேர்த்தது. கரையைத் தாண்ட முற்பட்டபோதுதான் பூசல் எழுந்தது.

ராக் ஐலண்ட் பாலம்

ராக் ஐலண்ட் என்பது ஆற்றின் நடுவே உள்ள ஒரு தீவுக்கும், அருகில் இல்லினாய் மாநிலக் கரையில் உள்ள ஊருக்கும் பொதுவான பெயர். எதிர்க்கரையில் அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட் நகரம் உள்ளது. இல்லினாய் சட்டமன்றம் 1853 சனவரியில் பால நிறுவனத்துக்கு அனுமதி வழங்கியது. ஹென்றி ஃபார்னம் கட்டுமானத்தை முன்னின்று நடத்தினார். இல்லினாய் கரைக்கும் தீவுக்கும் இடையே உள்ள குறுகிய கிளையின் மேல் ஒரு சிறு பாலமும், தீவின் மேல் தண்டவாளமும், தீவிலிருந்து டாவன்போர்ட் வரை பெரிய பாலமும் என மூன்று பகுதிகளாகப் பாதை அமைந்தது.

பெரிய பாலம் கற்றூண்களின் மேல் மரச்சட்டங்களால் கட்டப்பட்டது. நீளம் 1,582 அடி (ஏறத்தாழ 482 மீட்டர்). படகுகள் செல்வதற்காகத் தீவுப் பக்கமாக ஒரு பகுதி நடுத்தூணின் மேல் சுழன்று திறக்கும்படி செய்யப்பட்டிருந்தது. அது திறக்கும்போது நடுத்தூணின் இரு பக்கமும் 116 அடி, 120 அடி அகலமுள்ள இரு வழிகள் கிடைத்தன. அமைதியான நீரில் இந்த அகலம் போதுமானதே. ஆனால் பாலம் அமைந்த இடம் ராக் ஐலண்ட் விரைவோட்டம் எனப்படும், பாறைகள் நிறைந்து நீர் வேகமாகப் பாயும் பகுதியின் கீழ் முனையாகும். பாலம் வருமுன்பே படகோட்டிகள் அஞ்சிய பகுதி அது. பின்னாளில் உள்நாட்டுப் போரில் தென்னவர் படைக்குத் தலைமை தாங்கிய இராபர்ட் ஈ. லீ, இளம் படைப் பொறியாளராக 1837 இல் இவ்விடத்தை அளந்து வரைபடம் எழுதியதும் இதன் பொருட்டே. பாலத்தின் தூண்கள் நீரோட்டத்துக்கு நேர் இணையாக நிற்கவில்லை என்பதும், அவற்றைச் சுற்றிக் குறுக்கோட்டங்களும் சுழிகளும் உண்டாயின என்பதும் படகுக்காரரின் முறையீடு. இம்முறையீடு பொறாமையால் மட்டும் எழுந்ததன்று.

எதிர்ப்பு அரசியல் மட்டத்திலும் இருந்தது. தீவு ஒன்றிய அரசின் படை நிலமாக இருந்ததால், போர்த்துறைச் செயலர் ஜெபர்சன் டேவிஸ் பாதை அதன் வழியே செல்வதை எதிர்த்தார். பசிபிக் கடல் நோக்கிச் செல்லும் பெரும் பாதை தென் மாநிலங்களின் வழியாக அமைய வேண்டும் என்பது அவர் விருப்பம். அரசுத் தரப்பில் கோரப்பட்ட தடையாணையை 1855 இல் நீதிபதி ஜான் மக்லீன் மறுத்தார். பாலம் கட்டி முடிக்கப்பட்டு, 1856 ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் தொடர்வண்டிகள் ஆற்றைக் கடந்தன.

மோதல்

பாலம் திறந்து பதினைந்து நாள் கழிந்தது. எஃபி ஆஃப்டன் 230 அடி நீளமுள்ள, இரு பக்கமும் துடுப்புச் சக்கரங்கள் கொண்ட விரைவான படகு. லூயிவில்லிலிருந்து செயின்ட் பால் நோக்கிச் சென்ற அப்படகு, மே 6 காலை திறந்த வழியினூடே எதிரோட்டத்தில் மேலேறியது. பாலத்தைத் தாண்டிச் சற்று மேலே சென்றபின் அதன் வலப்பக்கச் சக்கரம் நின்றது. ஒரு பக்கச் சக்கரத்தால் மட்டும் உந்தப்பட்ட படகு திரும்பி, நீரோட்டத்தால் பின்னே தள்ளப்பட்டுத் தூணின் மீது மோதிச் சாய்ந்தது. படகிலிருந்த அடுப்பு ஒன்று கவிழ்ந்து தீப்பற்றியது. தீ மேலே இருந்த மரச்சட்டத்துக்கும் பரவி, பாலத்தின் ஒரு கண்ணை அழித்தது. பயணிகளும் பணியாளர்களும் உயிர் தப்பினர்; ஏற்றிச் சென்ற கால்நடைகளும் சரக்கும் அழிந்தன.

பாலம் எரிவதைக் கண்டு அருகில் நின்ற படகுகள் ஊதல் ஒலித்து மகிழ்ந்தன என்று கூறப்படுகிறது. படகை வேண்டுமென்றே மோதவிட்டனர் என்ற ஐயம் தொடர்வண்டித் தரப்பில் அப்போதே எழுந்தது. இன்றும் சில நூல்களில் அது காணப்படுகிறது. அதற்குச் சான்று எதுவும் நிறுவப்படவில்லை. பாலம் பழுது பார்க்கப்பட்டு செப்டம்பர் 8, 1856 முதல் மீண்டும் இயங்கியது.

வழக்கு விசாரணை

படகின் உரிமையாளர்கள் இழப்பீடு கோரி சிக்காகோவில் உள்ள கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவர்களுக்குப் பின்னே செயின்ட் லூயிஸ் வணிகர் கழகம் நின்றது. இது இரு நிறுவனங்களின் சண்டை மட்டுமன்று, இரு நகரங்களின் சண்டையும்கூட. மேற்கின் கோதுமை ஆற்றின் வழியே தெற்காகச் சென்றால் செயின்ட் லூயிசும் நியூ ஓர்லென்சும் வாழும். தண்டவாளத்தின் வழியே கிழக்காகச் சென்றால் சிக்காகோவும் நியூயார்க்கும் வாழும்.

விசாரணை 1857 செப்டம்பரில் நடந்தது. தடையாணையை மறுத்த அதே மக்லீன்தான் நீதிபதி. அவரைத் தொடர்வண்டிச் சார்பினர் என்று கருதிவிடுவதற்கில்லை. ஒகையோ ஆற்றின் மேலிருந்த வீலிங் தொங்கு பாலம் படகுகளின் உயர்ந்த புகைபோக்கிகளுக்கு இடையூறாக உள்ளது என்று 1852 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அவரே. அத்தீர்ப்பைச் செயலற்றதாக்கும் வகையில் நாடாளுமன்றம் அவ்வாண்டே அப்பாலத்தை அஞ்சல் வழியாக அறிவித்துச் சட்டம் இயற்றியது வேறு கதை.

பால நிறுவனத்துக்காக நார்மன் ஜட், ஜோசப் நாக்ஸ், லிங்கன் ஆகிய மூவர் வாதாடினர். லிங்கன் இத்துறைக்குப் புதியவர் அல்லர். இளமையில் இருமுறை தட்டைப் படகில் நியூ ஓர்லென்ஸ் வரை சென்றவர். மணல் திட்டில் சிக்கிய படகுகளை மிதவைப் பைகளால் தூக்கும் கருவி ஒன்றுக்கு 1849 இல் காப்புரிமை பெற்றவர். குடியரசுத் தலைவர்களுள் காப்புரிமை பெற்றவர் இவர் ஒருவரே. படகுகளுக்காகக் கருவி செய்தவர் படகுக்காரருக்கு எதிராக வாதாடினார் என்பது சுவையான முரண். விசாரணைக்கு முன் அவர் ராக் ஐலண்ட் சென்று பாலத்தையும் நீரோட்டத்தையும் நேரில் பார்வையிட்டார்.

வாதிகளின் வாதம் எளிமையானது. கப்பல் செல்லத்தக்க ஆறு பொது நெடுஞ்சாலை. அதில் தடை எழுப்ப எந்த மாநிலத்தின் அனுமதியும் போதாது. கடந்தே ஆகவேண்டுமெனில் உயர்ந்த தொங்கு பாலமோ ஆற்றடிச் சுரங்கமோ அமைக்கட்டும் என்றனர்.

லிங்கனின் நிறைவுரை சிக்காகோ நாளிதழ் ஒன்றில் வெளிவந்ததால் அதன் போக்கு நமக்குத் தெரிகிறது. படகுகள் மீதோ செயின்ட் லூயிஸ் மீதோ தமக்குப் பகையில்லை என்று அவர் தொடங்கினார். ஆற்றில் மேலும் கீழும் செல்ல ஒருவருக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அதைக் கடக்க மற்றவருக்கும் அவ்வளவு உரிமை உண்டு. வடக்கு – தெற்குப் போக்குவரத்தைவிடக் கிழக்கு – மேற்குப் போக்குவரத்து குறைந்ததன்று என்பது அவர் வாதத்தின் அடிப்படை. அதற்கு அவர் எண்களைத் துணைக்கு அழைத்தார். செப்டம்பர் 8, 1856 முதல் ஆகத்து 8, 1857 வரை பாலத்தைக் கடந்தவை 12,586 சரக்குப் பெட்டிகள். கடந்த பயணிகள் 74,179 பேர். அக்காலத்துள் ஏறத்தாழ நான்கு மாதம் ஆறு உறைந்து படகுப் போக்குவரத்து அடைபட்டிருந்தது, பாலமோ இயங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு குறிப்பு, தூண்களைப் பற்றிய நுட்ப வாதங்கள் அனைத்தையும்விட வலிமையானது என்று கூறலாம்.

விபத்துகளின் கணக்கையும் அவர் எடுத்துரைத்தார். பாலம் எழுந்த தொடக்கத்தில், ஏப்ரல் 19 முதல் மே 6 வரையிலான பதினேழு நாளில் இருபது விபத்துகள் நேர்ந்தன. அதன்பின் விசாரணை வரையிலான காலம் முழுவதிலும் இருபது உரசல்களே நேர்ந்தன, அவற்றுள் ஏழு மட்டுமே விபத்து எனத்தக்கவை. ஆகவே படகோட்டிகள் பதற்றம் தணிந்து பழகப் பழக இடர் குறைகிறது என்றார். இதே எண்களை மறுபுறமாகப் படித்தால், முதல் பதினேழு நாளில் அத்தனை படகுகள் அடிபட்டது படகுக்காரரின் அச்சத்துக்குச் சான்றாகவும் அமையும். குறுகிய வழியில் கடுஞ்சுழியினூடே படகைச் செலுத்தும் கலையைத் தம் செலவில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது அவர்களுக்குத்தான்.

விபத்தைப் பற்றி அவர் கூறியது, வலப்பக்கச் சக்கரம் ஓடாமல் நின்றதே காரணம். படகு பக்கவாட்டில் நகர்ந்தபோது ஓர் அங்குலமும் முன்னேறவில்லை என்பதே அதற்குச் சான்று என்பதாகும். தொங்கு பாலம் வேண்டுமென்றால் உயர்ந்த புகைபோக்கிகள் புகும் உயரத்தில் அதை எழுப்பவேண்டும், சுரங்கத்துக்கோ செலவு தாங்காது என்று மாற்று வழிகளையும் மறுத்தார்.

நடுவர் குழு ஒரு முடிவுக்கு வர இயலாமல் கலைக்கப்பட்டது. ஒன்பது பேர் பாலத்தின் பக்கமும் மூவர் படகின் பக்கமும் நின்றதாகக் கூறப்படுகிறது. லிங்கன் இவ்வழக்கில் வென்றார் என்று பல நூல்கள் எழுதுவது சரியன்று. அவர் தோற்கவில்லை என்பதே உண்மை. ஆனால் பாலத்துக்குத் தோல்வியின்மையே போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு நாளும் வண்டிகள் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன.

வார்டு வழக்கு

படகுத் தரப்பு அத்துடன் விடவில்லை. செயின்ட் லூயிஸ் படகு உரிமையாளர் ஜேம்சு வார்டு, 1858 இல் அயோவாவில் உள்ள கூட்டரசு நீதிமன்றத்தில் பாலத்தையே அகற்றக் கோரி வழக்கிட்டார். நீதிபதி ஜான் லவ், பாலம் பொது இடையூறு என்று முடிவுசெய்து, அயோவா பக்கத்துத் தூண்களையும் அவற்றின் மேலுள்ள கட்டுமானத்தையும் அகற்ற ஆணையிட்டார். நீதிமன்றத்தில் படகுக்காரர் பெற்ற பெரிய வெற்றி இது. மேல்முறையீடு நடந்ததால் ஆணை நிறைவேறவில்லை.

1862 ஆம் ஆண்டின் தவணையில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜான் கேட்ரன், கீழ் நீதிமன்றத்தின் கருத்தை ஏற்றால் மிசிசிப்பியின் மேல் எங்குமே சட்டப்படி பாலம் கட்ட இயலாமற் போகும் என்று சுட்டிக்காட்டினார். அவ்வாண்டு சூலையில், வெள்ளை மாளிகையில் இருந்த லிங்கன், பசிபிக் கடல் வரை பாதை அமைக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டிருந்தார்.

ஆறு ஏன் தோற்றது?

பாலத்தில் மோதி அழிந்த படகுகளால் படகுத் தொழில் வீழவில்லை. பனிக்காலத்தில் மேல் மிசிசிப்பி உறையும். கோடையின் கடைசியில் நீர் வற்றி மணல் திட்டுகள் தலைகாட்டும். இடைப்பட்ட காலத்திலும் நீரில் மூழ்கிக் கிடந்த மரங்கள் படகின் அடியைக் கிழிக்கும். கொதிகலன் வெடிப்புகளும் மிகுதி. ஒரு படகின் சராசரி ஆயுள் ஐந்தாண்டு அளவே. ஆறு வளைந்து வளைந்து செல்ல, தண்டவாளம் நேராகச் சென்றது. மலிவு என்னும் ஒன்றில் மட்டும் படகு முந்தி நின்றது. கனமான, அவசரமற்ற சரக்குகள் நெடுங்காலம் ஆற்றிலேயே சென்றன. 1861 இல் மூண்ட உள்நாட்டுப் போரில் கீழ் மிசிசிப்பி இரண்டாண்டுகளுக்கு மேல் வணிகத்துக்கு மூடப்பட்டது. அக்காலத்தில் கிழக்கே திரும்பிய சரக்கில் பெரும்பகுதி மீண்டும் ஆற்றுக்கு வரவில்லை.

1850 இல் செயின்ட் லூயிசின் மக்கள்தொகை 77,860, சிக்காகோவினது 29,963. 1880 இல் அவை முறையே 350,518, 503,185. இம்மாற்றத்துக்குப் பாலம் ஒன்றே காரணம் என்பது மிகைக்கூற்று. எனினும் செயின்ட் லூயிஸ் வணிகர் வழக்குக்குப் பணம் திரட்டியபோது எதற்கு அஞ்சினர் என்பது இவ்வெண்களில் விளங்கும்.

சாமுவேல் கிளெமென்ஸ் என்னும் இளைஞர், வழக்கு நடந்த அதே 1857 இல் மிசிசிப்பியில் படகோட்டப் பயிற்சி பெறச் சேர்ந்தார். போரால் 1861 இல் அத்தொழிலை விட்ட அவர், மார்க் டுவெய்ன் என்ற பெயரில் புகழ்பெற்றபின் 1882 இல் திரும்பி வந்து பார்த்து, வெறிச்சோடிய செயின்ட் லூயிஸ் படகுத்துறையைப் பற்றி வருத்தத்துடன் எழுதினார். 1870 இல் "இராபர்ட் ஈ. லீ", "நேட்செஸ்" ஆகிய படகுகளுக்கிடையே நியூ ஓர்லென்சிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை நடந்த புகழ்பெற்ற பந்தயம், தொழில் ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருந்தபோது நிகழ்ந்ததாகும்.

பிற்காலப் பாலங்கள்

படகுக்காரரின் முறையீடுகள் வீணாகவில்லை. மிசிசிப்பியின் மேல் பல பாலங்களுக்கு அனுமதி தந்த 1866 ஆம் ஆண்டுச் சட்டம், சுழலும் பாலங்களில் நடுத்தூணின் இரு பக்கமும் குறைந்தது 160 அடி அகல வழி விடப்பட வேண்டும் என்று விதித்தது. ராக் ஐலண்ட் பாலத்தின் 116 அடியுடன் இதை ஒப்பிடுக.

செயின்ட் லூயிசிலேயே 1874 இல் திறக்கப்பட்ட ஈட்சு பாலத்துக்கு, குறைந்தது 500 அடி நீளமுள்ள கண் ஒன்று வேண்டும் என்ற விதி இடப்பட்டது. அவ்வளவு நீளம் அமையவே அமையாது என்று எதிர்ப்பாளர் எதிர்பார்த்திருக்கலாம். ஜேம்சு ஈட்சு எஃகு வளைவுகளைக் கொண்டு நடுக்கண்ணை 520 அடியாக அமைத்தார். மூழ்கிய நீராவிப் படகுகளிலிருந்து சரக்கை மீட்டெடுக்கும் தொழிலால் முன்னேறியவர் அவர். ஆற்றின் அடித்தரையை அறிந்த ஆற்றுக்காரர். பணி முடியும் நிலையில் 1873 இல், உயர்ந்த புகைபோக்கிப் படகுகள் சுற்றிச் செல்லப் பாலத்தின் அருகே ஒரு கால்வாய் வெட்ட வேண்டும் என்று படைப் பொறியாளர் குழு பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் கிராண்ட் தலையிட, அது கைவிடப்பட்டது. படகுகள் தம் புகைபோக்கிகளைத் தாழ்த்தும்படி அமைத்துக்கொண்டன.

ராக் ஐலண்டில் பழைய பாலத்துக்கு மாற்றாக 1872 இல் தீவின் மேற்கு முனையருகே இரும்புப் பாலம் கட்டப்பட்டது. அதற்கு மாற்றாக 1896 இல் அமைந்த "அரசுப் பாலம்" இன்றும் உள்ளது. கீழ்த்தளத்தில் சாலையும் மேல்தளத்தில் தண்டவாளமும் கொண்ட அப்பாலத்தின் ஒரு பகுதி, சரக்கேற்றிய படகுத் தொடர்கள் வரும்போது நடுத்தூணின் மேல் சுழன்று வழிவிடுகிறது.